ஆறு நிமிடத் தாமதம்: திருத்தணியில் ஒரு கால்பந்து ஞாயிறு

சின்ன ஊர் மைதானங்களில் நடக்கும் கல்லூரிக் கால்பந்து ஆட்டங்களைத் தேடிப் போய்ப் பார்த்து, எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது என்று இந்தத் தளத்தில் எழுதுவது என் வழக்கம். இந்த முறை போனது திருத்தணிக்கு, தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் கிருத்திகை. அந்த ஒரு சொல்லை நான் லேசாக எடுத்துக்கொண்டதுதான் இந்தப் பதிவு முழுக்க வரப்போகிறது.

போனதற்குக் காரணம் தஸ்தகீர். அரக்கோணத்தில் எங்கள் தெருக்காரன். அவன் அப்பா இருசக்கர வண்டிகளுக்கு மெக்கானிக். திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறான். கல்லூரியின் பெயரை எழுதப் போவதில்லை. பந்து காலுக்கு வந்தால் அவன் செய்வதை நான் வேறு எந்த மைதானத்திலும் பார்த்ததில்லை. சொல்லிக்கொடுத்து வருவதல்ல அது. அன்றைய ஆட்டத்துக்குப் பல்கலைக்கழக அணியின் தேர்வாளர் வருவதாக இருந்தது. பல்கலைக்கழக அணியில் ஆடினால்தான் ரயில்வேயில் விளையாட்டுப் பிரிவு வேலைக்கு மனு போட முடியும். இல்லையென்றால் அப்பாவின் பட்டறை. அவனுக்கு வேறு ஆட்டம் இல்லை, வேறு வருடமும் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சென்னையிலிருந்து புறநகர் ரயிலில் அரக்கோணம் வந்துவிட்டேன். 69 கிலோமீட்டர், 20 ரூபாய், ஒரு மணி ஐம்பது நிமிடம். காலையில் அரக்கோணத்திலிருந்து திருத்தணிக்கு இரண்டு வண்டிகள் நமக்குத் தோதானவை: 6.35 ஒன்று, 7.15 ஒன்று. பதினான்கு கிலோமீட்டர், 5 ரூபாய், இருபத்திரண்டு நிமிடம். வீரர்கள் எட்டு மணிக்கு மைதானத்தில் நிற்க வேண்டும். ஆட்டம் ஒன்பதுக்கு.

"அண்ணா, நாளைக்குக் கிருத்திகைணா. ஆறு முப்பத்தஞ்சுக்கே போயிடலாம்" என்றான் தஸ்தகீர்.

"டேய், காவடிக் கூட்டம் வெயில் ஏறினப்புறம்தான் வரும். ஏழே கால் வண்டி ஏழு முப்பத்தேழுக்குப் போய்ச் சேருது. ஆட்டோல பத்து நிமிஷம். ஆட்டத்தன்னிக்கி நல்லாத் தூங்கி எழுந்து வா."

"நீ சொன்னா சரி. நீதான ரயிலப் பத்தி எழுதிக்கினு கீற" என்று சிரித்தான்.

7.15 வண்டி நேரத்துக்குத்தான் கிளம்பியது. பெட்டி முழுக்கக் காவடி, மஞ்சள் வேட்டி, மொட்டையடிக்கப் போகும் குழந்தைகள். கதவருகே நின்றபடி தஸ்தகீர் அவன் பயிற்சியாளரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தான். பெயர் பலராமன், உடற்கல்வி ஆசிரியர். பள்ளிப்பட்டுக்காரர். முதல் நாற்பது நாள் பந்தையே கண்ணில் காட்டவில்லையாம். திங்கட்கிழமை தோறும் கோயில் படி 365ஐயும் மூன்று முறை ஏறி இறங்க வேண்டும். பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருக்கும் ஒரு வீட்டிலிருந்து கழிவு நூல் வாங்கி, அதைக் கயிறாகத் திரித்து, தடுப்பாட்டக்காரர்கள் நான்கு பேர் இடுப்பிலும் வரிசையாகக் கட்டிவிடுவார். ஒருவன் முன்னால் போனால் நால்வரும் போக வேண்டும். ஒருவன் தூங்கினால் கயிறு அவனை இழுத்துக் கீழே தள்ளும்.

"ஒரு மாசம் விழுந்துகினே இருந்தானுங்கணா. பாக்கறவன்லாம் மாடு கட்டிப் போட்டிருக்காருன்னு சிரிப்பான்."

"நீயும் படி ஏறினியா?"

"ஆங். கணக்குப் போட்டா முருகரு எனக்குத்தான்ணா முதல்ல வேல வாங்கித் தரணும். இங்க காவடி தூக்கிக்கினு வர்ற யாரும் அவ்ளோ படி ஏறியிருக்க மாட்டான்."

பக்கத்தில் நின்ற காவடிக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். "உனுக்கு இல்லாததா நைனா" என்று அவன் தோளில் தட்டினார்.

அந்த அணியில் இன்னொரு வழக்கமும் உண்டு. சட்டைகள் எல்லாம் ஒரு கோணி மூட்டையில் இருக்கும். எந்த எண்ணும் யாருக்கும் சொந்தமில்லை. ஆட்ட நாளில் எட்டு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு பலராமன் சட்டைகளைக் கொடுப்பார். கொடுத்து முடித்ததும் மூட்டையின் வாயைக் கட்டிவிடுவார். கட்டினால் கட்டியதுதான். மூன்று வருடத்தில் தஸ்தகீர் ஒரு நாள்கூட அந்த வரிசையைத் தவறவிட்டதில்லை.

திருத்தணிக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் வண்டி நின்றது. நடைமேடையில் முன்னால் விட்ட கிருத்திகைச் சிறப்பு வண்டியின் கூட்டம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. ஐந்து நிமிடம். பத்து. தஸ்தகீர் என்னைப் பார்க்கவே இல்லை, கைபேசியில் மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பதினேழு நிமிடம் கழித்து நகர்ந்து, 7.54க்கு உள்ளே போனது.

நிலையத்திலிருந்து மைதானம் இரண்டரை கிலோமீட்டர். பங்கு ஆட்டோவில் ஆளுக்கு 20 ரூபாய். அன்றைக்கு ஆட்டோக்கள் இன்ஜினை அணைத்துவிட்டு வரிசையாக நின்றன.

"கிரவுண்டுக்கா? ரோட்ட அடச்சிட்டாங்க சார். ஒம்போதுக்கு மேலதான் விடுவாங்க" என்றார் ஓட்டுநர். தஸ்தகீரின் பையைப் பார்த்துவிட்டு, "ஆட்றவனா நீ? ஓடு நைனா, நிக்காத!" என்று கத்தினார்.

அவன் ஓடினான். காவடிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து, கூட்டத்தையே எதிரணியாக்கிக்கொண்டு அவன் ஓடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவனுடைய அன்றைய ஆட்டம் அதோடு முடிந்தது. அவன் மைதானத்தை எட்டியபோது மணி 8.06.

நான் போய்ச் சேர்ந்தபோது மூட்டை கட்டியிருந்தது. ஒன்பதாம் எண் சட்டை குமரேசன் என்பவன் மேல் இருந்தது. பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டும் வீட்டுப் பையன், நெட்டையாக, கொஞ்சம் கூன் போட்டு நடப்பவன். பந்து அவனிடம் போனால் பந்துக்கே சங்கடமாக இருக்கும். அணி நண்பர்கள் அவனைச் சீண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் மச்சானுக்குப் 'பாவா'. "பாவா, சட்டைய மட்டும் கிழிச்சிராத, பாய் அடுத்த மேட்சுக்குக் கேப்பான்." குமரேசன் சிரிக்கவில்லை. தஸ்தகீர் எல்லைக்கோட்டுக்கு வெளியே சாதாரணச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். எதுவும் கேட்டிருக்கவில்லை. ரயில் என்றுகூடச் சொல்லியிருக்கவில்லை.

அடுத்து நடந்ததை நேரத்தோடு எழுதுகிறேன். ஒன்பது மணிக்கு இரு அணிகளும் களத்தில் நின்றன. எதிரணி சென்னைப் பக்கத்துத் தனியார் பொறியியல் கல்லூரி. குளிர்சாதனப் பேருந்தில் முந்தைய நாளே வந்து விடுதியில் தங்கியவர்கள். ஆட்டம் தொடங்கவில்லை. தேர்வாளர் வரவில்லை. 9.10. 9.20. ஷாமியானாவுக்குக் கீழே நாற்காலி காலியாக இருந்தது. 9.25க்குக் கார் வந்தது. "என்ன சார் கூட்டம் இது, கிருத்திகைன்னு யாருமே சொல்லலியே" என்றபடி இறங்கினார். யாரோ இளநீர் கொடுத்தார்கள். பிறகு விசில்.

ஆறு நிமிடத்துக்கு ஒருவனின் வருடங்கள் போயின. இருபத்தைந்து நிமிடத்துக்கு இளநீர் வந்தது.

ஆட்டத்தைப் பற்றி நேர்மையாக எழுத வேண்டும், அதுதான் கஷ்டமாக இருக்கிறது. எதிரணியில் ஆளுக்கு ஆள் திறமை. அவர்களுடைய பத்தாம் எண் ஆட்டக்காரன் தனியாளாக மூன்று பேரைத் தாண்டினான். ஆனால் தாண்டிப் போன ஒவ்வொரு முறையும் கொடி உயர்ந்தது. திருத்தணியின் நான்கு தடுப்பாட்டக்காரர்களும் ஒரே நொடியில் முன்னால் நகர்வார்கள், பந்து உதைபடும்போது எதிரணி ஆள் அவர்களுக்குப் பின்னால் ஆஃப்சைடில் மாட்டியிருப்பான். இடுப்பில் கயிறு இல்லை, ஆனாலும் இருந்தது. முதல் பாதியில் மட்டும் பதினோரு முறை எண்ணினேன். எல்லைக்கோட்டில் பலராமன் "கயிறு! கயிறு!" என்று கத்துவார். அவருக்கு அரை நொடி முன்னால் அதே சொல்லை இன்னொரு குரல் கத்தியது. தஸ்தகீர்.

இடைவேளையில் பலராமனிடம் போனேன். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி, வெயிலில் கறுத்த முகம்.

"சார், தஸ்தகீர் மேல தப்பில்ல. அவன் முன்னாடி வண்டிக்குப் போலாம்னான். நான்தான் வேணாம்னேன்."

"நீ யாருப்பா?"

சொன்னேன்.

"நீ ரயில் பத்தி எழுதறவனா?" ஒரு நிமிடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் பள்ளிப்பட்டுல நாலரை பஸ்ஸுக்கு ஏறினேன். கிருத்திகைன்னு தெரியும். அதோ நிக்கிறானே குமரேசன், அவன் நேத்து சாயந்திரமே வந்து ஃபிரெண்டு ரூம்ல தங்கிட்டான். ஆட வைப்பேன்னு அவனுக்கு யாரும் சொல்லல."

"தஸ்தகீர் இருந்தா ரெண்டு கோல் விழுந்திருக்கும் சார்."

"மூணு விழும். எனக்குத் தெரியாதா? அவன மாதிரி ஒருத்தன் இனிமே எனக்குக் கிடைக்க மாட்டான்." குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆனா அவனுக்காக மூட்டைய அவுத்தேன்னு வையி, நாளைக்குப் பதினோரு பேரும் ஆளுக்கொரு ரயில் கத கொண்டாருவான். அப்புறம் இந்தக் கயிறு நிக்காது. இவனுங்ககிட்ட வேற இன்னாப்பா கீது? ஷூ கீதா, பிரியாணி கீதா?"

"அந்தத் தேர்வாளருக்கு மட்டும் இருபத்தஞ்சு நிமிஷம் நின்னீங்களே?"

அவர் ஷாமியானா பக்கம் திரும்பவே இல்லை. "அவரு மூட்ட என் கையில இல்லப்பா" என்றார். விசில் ஊதிவிட்டது.

எழுபத்தோராவது நிமிடத்தில் மூலை உதை. குமரேசன் அருகிலிருந்த கோல் கம்பத்தை நோக்கி ஓடினான். அந்த ஓட்டத்தை இரண்டு வருடமாகத் தினமும் ஓடியிருக்கிறான் என்பது பார்த்ததுமே தெரிந்தது. பந்து அவன் முழங்காலுக்குக் கீழே எங்கோ பட்டு உள்ளே போனது. அழகே இல்லாத கோல். 1-0. அதோடு முடிந்தது. ஒழுங்கு திறமையை வெல்லும் என்று பேசுகிறவர்கள் இந்த ஆட்டத்தை ஆதாரமாகக் காட்டலாம். அவர்கள் சொல்வது பொய்யில்லை. நான் கண்ணால் பார்த்தேன். அந்த ஒழுங்குக்கு யார் எத்தனை மணிக்கு எழுந்து எந்த வண்டியைப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

பதினொன்றரை மணி வாக்கில் தேர்வாளர் பட்டியலைப் படித்தார். நான்கு பெயர்கள். மூன்று, தோற்ற கல்லூரியைச் சேர்ந்தவை. நான்காவது குமரேசன். கயிறு கட்டி விழுந்து எழுந்த நால்வரில் ஒருவர் பெயரும் இல்லை. தஸ்தகீரின் பெயரை அவர் கேள்விப்பட்டே இருக்க மாட்டார். பலராமன் காகிதம் ஒன்றோடு ஷாமியானாவுக்குப் போனார். அதில் தஸ்தகீரின் பெயரை எழுதியிருந்ததாகப் பிறகு அணிப் பையன்கள் சொன்னார்கள். தேர்வாளர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நான் பாக்காத ஆள எப்படிங்க?" என்றாராம். நியாயமான கேள்வி.

குமரேசன் ஒன்பதாம் எண் சட்டையைக் கழற்றி மூட்டையில் போடாமல் தஸ்தகீரிடம் நீட்டினான். "மூட்டையில போடு பாவா, சாரு திட்டப்போறாரு" என்றான் தஸ்தகீர்.

பகல் 1.20 வண்டியில் திரும்பினோம். கூட்டம் இல்லை, உட்கார இடம் இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "இல்லண்ணா, நீ சொன்ன டைம் கரெக்ட்தான். வண்டி ஏழு பதினஞ்சுக்குக் கரெக்டா எடுத்தான்" என்றான். அதை அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

புதன்கிழமை அடுத்த சுற்று, வேறு ஊரில். தஸ்தகீர் ஒரு மணி நேரம் முன்பே போய் மூட்டை முன்னால் நின்று சட்டை வாங்கி, இரண்டு கோல் அடித்தான். ஷாமியானா போடவில்லை. பட்டியல்தான் முடிந்துவிட்டதே.

நீங்கள் போவதாக இருந்தால்: மைதானத்துக்கு வடக்கே சித்தூர் சாலை முனையில் ஒரு மெஸ், காலையில் நான்கு இட்லி 40 ரூபாய், பதினோரு மணிக்குள் தீர்ந்துவிடும். மேற்கு ஓரத்தில் ஒரு வேம்பு தவிர நிழல் இல்லை, தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோங்கள். மலைக்கு ஏறுவதென்றால் ஆட்டம் முடிந்த பிறகு ஏறுங்கள். முக்கியமாக, தேதியைப் பார்த்துவிட்டு நாள்காட்டியில் கிருத்திகையா என்றும் பாருங்கள். நகரத்தில் உட்கார்ந்து ஆட்ட அட்டவணை போடுகிறவர்கள் பார்ப்பதில்லை.

போன வருடம் திருத்தணி பற்றி எழுதிய பதிவில் '7.15 வண்டி தாராளமாகப் போதும்' என்று ஒரு வரி இருந்தது. அதை எடுத்துவிட்டேன். 6.35க்கு ஏறுங்கள்.