சொல்லாமல் எழுந்து போனவர்கள்

தேர்தலில் தலைவர் தன் தோல்வியை ஒப்புக்கொண்டு பேசியதை சுந்தராபுரத்தில் எங்கள் தெருமுனை பேக்கரியில் நின்றுதான் பார்த்தேன். நாலு நிமிஷத்துக்கும் குறைவாகத்தான் பேசினார். ஒரு மில்லின் டைம் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் ஷிப்டுக்கு வந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தவன் நான். எங்கே போய் நின்றாலும் கண் முதலில் தலைகளை எண்ணிவிடும். டிவிக்கு முன்னால் டீ மாஸ்டரோடு சேர்த்துப் பதினாறு பேர் இருந்தோம். அவர் பேசப் பேசவே மூன்று பேர் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். “மக்கள்” என்று ஒன்பது தடவை சொன்னார். “நன்றி” ஐந்து தடவை. “ஏற்கிறேன்” ஒரே ஒரு தடவைதான், அதுவும் ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகு. கடைசியில் கைகூப்பி வணக்கம் வைத்து, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து போனார். கொஞ்ச நேரத்துக்கு டிவியில் காலி நாற்காலியே தெரிந்துகொண்டிருந்தது.

“மனுசன் நாகரிகமாப் பேசறாருங்க,” என்றார் ஆட்டோ ஓட்டுபவர் ஒருவர். “இதைய ஒரு மாசம் முன்னாடி பேசியிருந்தா நானே ஓட்டுப் போட்டிருப்பேன்.”

“அதுக்கு அவரு ஒரு மாசம் முன்னாடியே தோத்திருக்கோணுமுங்க,” என்றார் டீ மாஸ்டர், பாலை ஆற்றிக்கொண்டே.

எல்லோரும் சிரித்தார்கள். பப்ஸ் தின்றுகொண்டிருந்தவர், “யாரோ எழுதிக் குடுத்ததுங்க. கையில பேப்பரு ஆடுச்சே, பாத்தீங்களா?” என்றார்.

காய்கறிப் பையோடு ஓரமாக நின்ற ஒரு பெண்மணிக்குக் கோபம் வந்துவிட்டது. “ஆடாம என்னங்க பண்ணும்? நீங்க ஒருக்கா தோத்துப் பாருங்க, கை ஆடுதா இல்லையான்னு தெரியும். நான் அவருக்கு ஓட்டே போடலீங்க. ஆனாலும் பாக்கப் பாவமா இருக்குது.” சொல்லிவிட்டு அந்தப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

“அடுத்து என்ன பண்ணப்போறேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே,” என்றார் இன்னொருவர். “அரசியலே வேண்டாம்னு போயிருவாரோ என்னமோ.”

அதற்குள் ரோட்டில் பட்டாசு வெடிக்க ஆரம்பித்தது. ஜெயித்தவர்களின் வண்டிகள் பொள்ளாச்சி ரோட்டில் வரிசையாக வந்தன. பதினொன்று வரை எண்ணினேன். அதற்கு மேல் புகையில் தெரியவில்லை. எனக்கு டீ இறங்கவில்லை. தலைவர் தோற்றதை நினைத்து அல்ல, ஞாயிற்றுக்கிழமையை நினைத்து.

ஞாயிற்றுக்கிழமை மதுக்கரையில் என் மச்சினர் வீட்டில் விசேஷம். மச்சினர் என்றால் என் மனைவியின் கடைசித் தம்பி. என்னைவிடப் பதினேழு வயது சின்னவர். தோற்ற தலைவரின் கட்சிக்காகச் சுவர் பிடித்து, கொடி கட்டி, பூத்தில் உட்கார்ந்து தலை நரைத்தவர். அவருடைய ஒரே மகளுக்குக் கிணத்துக்கடவில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் கல்யாணம் உறுதி, அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை. பையன் நல்ல பையன். பையனின் அப்பாவும் நல்லவர்தான், தென்னந்தோப்பு இருக்கிறது. ஆனால் அவர் ஜெயித்த கட்சி, காரில் கொடி கட்டியவர். இதை முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும் என்று மனைவியிடம் எட்டு தடவையாவது சொல்லியிருப்பேன். “தேர்தலைப் பாத்தா கல்யாணம் பண்ணுவாங்க? சும்மா இருங்க,” என்று அவள் வாயை அடைத்துவிட்டாள்.

மறுநாள் புதன்கிழமை காலையிலேயே மதுக்கரைக்குப் போனேன். மனைவிக்கு முழங்கால் வலி, அதனால் தனியாகத்தான் போனேன். மச்சினர் முன் அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் சவரம் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். டிவியின் கேபிளைப் பிடுங்கிப் போட்டிருந்தார். நான் இருந்த ஒரு மணி நேரத்தில் ஏழு பேர் வந்தார்கள். வந்தவர்கள் சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றி, சத்தமில்லாமல் உட்கார்ந்து, “என்ன பண்றதுங்க, நம்ம கையில என்ன இருக்குது,” என்றார்கள். ஒருவர் மச்சினரின் மனைவியிடம் தணிந்த குரலில், “ஏதாச்சும் சாப்பிட்டாருங்களா?” என்று கேட்டார். ஏழாவதாக வந்தவர் பையனின் அப்பா. காரைத் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு, கொடியைக் கழற்றி வைத்துவிட்டு நடந்து வந்திருந்தார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை. பத்து நிமிஷம் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, மச்சினரின் தோளை ஒரு தடவை தொட்டு, தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். எதிர்க்கட்சிக்காரராக இருந்தும் எவ்வளவு பக்குவம் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் நானும் எழுந்து வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை மச்சினரின் மகள் என் மனைவிக்குப் போன் செய்து அழுதாள். “அத்தை, அப்பா ஞாயித்துக்கெழமை வேண்டாம்ங்கறாருங்க. சம்பந்தமே வேண்டாமாம்.”

பிரஷர் மாத்திரை போட்டேனா இல்லையா என்ற சந்தேகத்தோடு பஸ் ஏறினேன். திரும்பிப் போய்ப் பார்க்க நேரம் இல்லை.

“வாங்க மச்சான்,” என்றார் மச்சினர். நாற்காலி அதே இடத்தில்தான் இருந்தது. அவரும் அப்படியேதான்.

“என்ன மாப்ள இதெல்லாம்? தலைவரே ஏத்துக்கிட்டாரு...”

“அவரு ஏத்துக்கிட்டாரு. என்னையக் கேட்டாரா? வெயில்ல நின்னது நானு. எங்க பூத்துல எங்களுக்குத்தான் லீடு. நான் இன்னும் ஏத்துக்கலைங்க மச்சான். அந்தப் பேச்ச நான் பாக்கவே இல்லை.”

“சரி, பாக்காட்டிப் போவுது. புள்ளையோட கல்யாணம் என்ன பண்ணுச்சு?”

அவர் வாசலைக் காட்டினார். “நேத்து இங்க எத்தனை பேரு வந்தாங்க? நீங்கதான் எண்ணுவீங்களே.”

“நான் இருந்தப்போ ஏழு.”

“மொத்தம் இருபத்திரண்டு. அதுல ஒருத்தராவது ‘வாரேன்’னு சொல்லிப்போட்டுப் போனாங்களா? வந்தவன் பூராவும் வாயத் தொறக்காம எந்திரிச்சுப் போறான். இது என்ன எழவு ஊடா மச்சான்? நான் செத்தா போயிட்டேன்?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துக்கம் கேட்கப் போன வீட்டில்தான் கிளம்பும்போது “வாரேன்” என்று சொல்ல மாட்டோம். தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். பையனின் அப்பா தலையை ஆட்டிவிட்டுப் போனது கண் முன்னால் வந்தது.

“அவரு காப்பியத் தொடலை,” என்றார் மச்சினர். “சொல்லிக்காமப் போயிட்டாரு. ஜெயிச்ச கட்சிக்காரருக்குத் தோத்தவன் சம்பந்தம் எதுக்கு? வேண்டாம்னு சொல்லாமச் சொல்லிப்போட்டுப் போறாரு. அவரு வாயால சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிப்போடறேன்.”

“அப்படி இருக்காது மாப்ள. மரியாதைக்கு...”

“நீங்களுந்தானே மச்சான்,” என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல். “நீங்களும் சொல்லாமத்தான் போனீங்க.”

கதவருகே நின்றுகொண்டிருந்த மகள்தான் பேசினாள். அவள் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவள், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. “எலெக்சன்ல தோத்தது நீங்கப்பா. அதுக்கு என்னையும் எதுக்குங்க தோக்கடிக்கறீங்க?”

மச்சினர் என் பக்கம் திரும்பிக்கொண்டார். சனிக்கிழமை காலையில் கிணத்துக்கடவுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிடப்போவதாக மட்டும் என்னிடம் சொன்னார். அதற்குள் நான் ஒரு தடவை போய்ப் பையனின் அப்பாவைப் பார்க்கிறேன் என்றேன். “உங்க இஷ்டம்,” என்றார். அன்றைக்காவது கிளம்பும்போது “வாரேன்” என்று சொன்னேனா? பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அது ராத்திரி முழுக்க என்னைக் குடைந்தது.

வெள்ளிக்கிழமை பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடித்துக் கிணத்துக்கடவில் இறங்கினேன். பையனின் அப்பா களத்தில் தேங்காய் உரிக்கும் ஆட்களோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை உதறிக் கட்டிலில் விரித்தார். “வாங்க வாங்க, ஏனுங்க இந்த வெயில்ல? ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனுங்களே.”

இளநீர் வந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், உரித்துப் போட்டிருந்த காய்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபத்து மூன்றில் நிறுத்திவிட்டு நேராகக் கேட்டேன். “புதன்கிழமை நீங்க காப்பி குடிக்காம, சொல்லாம எந்திரிச்சுப் போனீங்க. எங்க மச்சினருக்கு மனசு சரியில்லீங்க. உங்களுக்கு இந்தச் சம்பந்தத்துல விருப்பம் இல்லைன்னு நெனைக்கறாரு.”

அவர் இளநீரைக் கீழே வைத்துவிட்டார்.

“அய்யோ, என்னங்க இது! எங்க ஊட்டுல ராத்திரி பூராவும் பேசி முடிவு பண்ணித்தானுங்க நான் அங்க வந்தேன். கொடியக் கழட்டுங்க, வெள்ளையுஞ்சொள்ளையுமாப் போகாதீங்க, சிரிச்சுப்போடாதீங்கன்னு எங்க ஊட்டுல சொல்லித்தான் அனுப்புச்சாங்க. ஜெயிச்ச கட்சிக்காரன் ஒக்காந்து காப்பி குடிச்சா கொண்டாடற மாதிரி இருக்குமுங்களே?”

“அது சரிங்க. வாரேன்னு ஒரு வார்த்தை...”

“எப்படிங்க சொல்றது? போன தடவை நாங்க தோத்தோம். அப்ப ஒருத்தரு வந்து விசாரிச்சுப்போட்டு, ‘வாரனுங்க’ன்னு பல்லக் காட்டிப்போட்டுப் போனாரு. அடுத்த தடவையும் நீ தோப்பே, அப்பவும் வந்து விசாரிக்கறேன்னு சொன்ன மாதிரி இருந்துது. ஆறு மாசம் என்னால அதைய மறக்க முடியலீங்க. அந்த மாதிரி அவரு மனசு நோகக் கூடாதுன்னுதான் நான் வாயத் தொறக்கலை.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க முடியவில்லை. இந்த மரியாதையை அங்கே இருபத்திரண்டு பேர் செய்துவிட்டு வந்திருக்கிறார்கள். அந்த இருபத்திரண்டில் நானும் ஒருவன்.

அவர் சட்டையை மாற்றக்கூட உள்ளே போகவில்லை. “ஏறுங்க வண்டியில,” என்றார். காரில் கொடி இல்லை. மதுக்கரை வரை அவர் அதிகம் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எதிரே வருகிற லாரிகளை எண்ணிக்கொண்டு, மச்சினர் கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வது, மகள் எதிரிலேயே ஏதாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று நினைத்து வேர்த்துப்போனேன்.

இந்தத் தடவை வண்டியை நேராக வீட்டு வாசலிலேயே நிறுத்தினார். கேட்டைத் திறக்கவில்லை. வெளியே நின்றபடியே உள்ளே பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: “ஏனுங்க! புதன்கிழமை சொல்லாமப் போயிட்டேன், தப்பா நெனைச்சுக்காதீங்க. நான் போயிட்டு வாரனுங்க!”

எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. மகள் வாசலுக்கு வந்து எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினாள்.

மச்சினரின் குரல் வந்தது. “என்ன கண்ணு இது? வந்து நின்ன ஒடனே வாரேங்கறாரு? உள்ள வந்து காப்பி குடிச்சுப்போட்டு அப்புறம் சொல்லச் சொல்லு.”

பையனின் அப்பா காப்பியை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். தேர்தலைப் பற்றி யாரும் பேசவில்லை. எந்தச் சமையல்காரரைக் கூப்பிடுவது, எத்தனை பேர் வருவார்கள் என்றுதான் பேச்சு. கிளம்பும்போது வாசலில் ஒரு தடவை, கேட்டில் ஒரு தடவை, கார் கதவைத் திறந்துகொண்டு ஒரு தடவை, வண்டி கிளம்பிய பிறகு கண்ணாடியை இறக்கி ஒரு தடவை என்று நாலு முறை “வாரனுங்க” சொன்னார். மச்சினர் நாலுக்கும் “வாங்க, வாங்க” என்றார்.

கார் திரும்பிப் போனதும், “அந்தப் பேச்சை ஒருக்கா போடு கண்ணு, பாக்கலாம்,” என்றார் மகளிடம். அவள் போனில் போட்டுக் கொடுத்தாள். அவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். “ஏற்கிறேன்” வந்த இடத்தில் அவர் முகம் கொஞ்சம் கோணியது. கைகூப்பி வணக்கம், பிறகு காலி நாற்காலி. அதையும் முடிகிற வரைக்கும் பார்த்தார்.

“இவரும் வாரேன்னு சொல்லலையே மச்சான்,” என்றார்.

அரசியலே வேண்டாம் என்று போய்விடுவாரோ என்று பேக்கரியில் ஒருவர் கேட்டதை நான் இவரிடம் சொல்லவில்லை. “அது டிவிக்காரங்க பாதியில நிறுத்தியிருப்பாங்க மாப்ள,” என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. போனை மகளிடம் கொடுத்துவிட்டு, தாடையைத் தடவிக்கொண்டு, பிளேடு இருக்கிறதா என்று மனைவியைக் கேட்டார்.

எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு, “வாரேன் மாப்ள,” என்றேன். கேட்டு வரை போனேன். மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து இன்னும் இரண்டு தடவை சொன்னேன்.

“என்னங்க மச்சான், எதுக்கு மூணு?”

“இன்னைக்கு ஒண்ணு. புதன்கிழமைக்கு ஒண்ணு. வியாழக்கிழமை சொன்னேனா இல்லையான்னு தெரியலை, அதுக்கு ஒண்ணு.”

அவர் முகத்தில் பாதி நுரையோடு வாசலுக்கு வந்து நின்றார். “சரி, கணக்கு தீந்துது. போயிட்டு வாங்க. ஞாயித்துக்கெழமை ஒம்போது மணிக்குள்ள வந்தரோணும். அக்காளையும் கூட்டிக்கிட்டு வாங்க.”