மஞ்சள் போட்டுக் கழுவிய ரோஸ்ட்

என் அப்பாவின் குடும்பத்தார் மற்றவர்களைவிடத் தங்களை ஒரு படி மேலாக நினைத்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு துண்டு மாட்டிறைச்சி. அப்பாவின் தாத்தா, தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜரின் பங்களாவில் சமையல்காரராக இருந்தார். துரைக்குச் செய்து போட்ட ரோஸ்ட்டைத் தன் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். துரைமார் கப்பலேறிப் போனார்கள், ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள், ரோஸ்ட் மட்டும் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு யார் வீட்டில் விருந்தோ அந்த வீட்டு மருமகள் அதைச் செய்தாக வேண்டும். உப்பு, மிளகு, கொஞ்சம் சோயா கீச்சாப், அவ்வளவுதான். வெளியே முறுகலாகவும் உள்ளே இளஞ்சிவப்பாகவும் இருக்க வேண்டும். அந்தச் சிவப்பைப் பற்றி எங்கள் அத்தை பேசினால் கோயிலில் பிரசங்கம் கேட்பதுபோல எல்லோரும் அடங்கி உட்கார்ந்திருப்பார்கள்.

அம்மா இந்துக் குடும்பத்திலிருந்து வந்தவள். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டாளே தவிர, மாட்டிறைச்சியை வாயில் வைத்ததில்லை. விருந்து எங்கள் வீட்டுப் பக்கம் வராததற்கு அதுவே காரணம். அந்த வருஷம் அவளே அத்தைக்குப் போன் செய்து, "இந்த வாட்டி நம்ம வீட்ல வச்சுக்கலாம் அண்ணி, நானே ரோஸ்ட் செய்யிறேன்" என்றாள்.

அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். நாங்கள் குளுவாங்கில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை, எல்லைக்கு இந்தப் பக்கம் ஜேபி என்கிற ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். முதலில் வாரம் தவறாமல் வந்தார். பிறகு எப்போதாவது வந்தார். பிறகு வேலை அதிகம் என்று போனில் சொல்வதோடு சரி. அவர் யார் பேச்சையும் கேட்கமாட்டார், அத்தையின் பேச்சைத் தவிர. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அத்தை. அத்தை ஒரு வார்த்தை சொன்னால் அப்பா வீடு திரும்புவார் என்று அம்மா நம்பினாள். அத்தையின் மனசைக் கரைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அந்த ரோஸ்ட்தான்.

பாசாரில் மலாய்க்காரர் கடையிலிருந்து பெரிய துண்டாக வாங்கி வந்தாள். நம் வீடுகளில் எந்தக் கறிக்கும் செய்வதுபோல, மஞ்சள்தூளும் உப்பும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். துரையின் ரோஸ்ட்டுக்கு மஞ்சள் ஆகாது என்பதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கழுவும்போது முகத்தில் ஒன்றையும் காட்டிக்கொள்ளவில்லை. கேக் சுடுகிற சின்ன ஓவனில் அதை எப்படியோ திணித்துவிட்டாள்.

நேரமானதும் ஓரத்தில் கத்தியை வைத்துப் பார்த்தாள். சிவப்பாகத் தண்ணீர் கசிந்தது. "ஐயோ, ரத்தம்லா" என்று பின்னால் நகர்ந்தாள். சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று அத்தை போனில் படித்துப் படித்துச் சொன்னது அவளுக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனால் வேகாத கறியை விருந்துக்கு வந்த மனிதர்களுக்கு எப்படிப் போடுவது? கொஞ்ச நேரம் நின்று யோசித்தவள், துண்டைத் தூக்கிக் குக்கரில் போட்டு மூடிவிட்டாள். விசில் வந்துகொண்டே இருந்தது. அம்மா அழுதுகொண்டே இருந்தாள். வெங்காயம் எதுவும் உரிக்கவில்லை என்பதால் எனக்குக் காரணம் விளங்கவில்லை.

கிறிஸ்துமஸ் பூசை முடிந்து எல்லோரும் வந்தார்கள். அப்பா வரவில்லை. வாசலில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு வந்து பரிமாறினாள். மேசைக்கு வந்த ரோஸ்ட் நல்ல மஞ்சளாக, கத்தி பட்டதும் நார் நாராக உதிர்ந்தது. "அலமாக்! இது ரோஸ்ட்டா, ரெண்டாங் கறியா?" என்றார் அத்தையின் கணவர். மேசையே சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அப்போது அம்மா தன் தட்டில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டாள். எல்லோரும் பார்க்க அதை வாயில் வைத்து, வெகுநேரம் மென்று விழுங்கினாள். தன் வீட்டாரை விட்டு, சாமியை விட்டு வந்தவள், மிச்சமிருந்த அந்த ஒன்றையும் அன்று விட்டாள். இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

அத்தை அதைப் பார்த்தார். "நல்லா வெந்திருக்கு" என்றார். அந்தக் குடும்பத்தில் ரோஸ்ட்டைப் பற்றி அதைவிட மோசமாக எதுவும் சொல்ல முடியாது. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்து மற்றவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அத்தை அடுப்படிக்கு வந்தார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "அவர்கிட்ட பேசுங்க அண்ணி. நீங்க சொன்னா வந்துருவாரு" என்றாள்.

"பேசிட்டேன்மா. போன மாசமே பேசிட்டேன். அவன் வரமாட்டான்."

அந்த இறைச்சி துரையே மெச்சும்படி வந்திருந்தாலும் நடக்கப்போவது அதுதான். தெரிந்தேதான் அத்தை வந்து உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாங்க இப்ப ஜேபிக்குத்தான் போறோம். நல்ல நாள்ல வெறுங்கையோட போக முடியாதுலா. கொஞ்சம் போட்டுக் குடு." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ரெண்டு பேருக்கு" என்றார்.

அம்மா அசையாமல் நின்றாள். நான் நினைத்தேன், டப்பா எங்கே என்று யோசிக்கிறாள் என்று. பிறகு குனிந்து ஒன்றை எடுத்தாள். உதிராத துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கி அடுக்கி, சாற்றை ஊற்றி, சிந்தாமல் மூடியை அழுத்தினாள்.

"இன்னொரு ஆளு யாரும்மா? அப்பாவோட கூட்டாளியா?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றாள் அம்மா.

எல்லோரும் இங்கே கூடியிருக்க, அப்பா மட்டும் அங்கே தனியாகச் சாப்பிடுவாரே என்று எனக்குக் காலையிலிருந்து ஒரே கவலை. அந்தக் கவலை தீர்ந்தது. அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "நல்லவேளைம்மா, அப்பாகூட ஒரு ஆளாவது இருக்காங்க" என்றேன்.