மாயக்காளின் பலாக் கூடை

சுருளிப்பட்டி மாயக்காள் லேசில் யாரையும் நம்புகிறவள் இல்லை. தராசு பிடிக்கிறவனை நம்பமாட்டாள், ஜோசியக்காரனை நம்பமாட்டாள். அவள் நம்பியது கூடப்பிறந்த தம்பி ஒருவனைத்தான். அடியும் அங்கேதான் விழுந்தது.

அவள் புருஷன் வீரணன் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறி, காய்ச்சலோடு இறங்கி, எட்டாம் நாள் செத்துப்போனான். வரும்போது அந்தக் காய்ச்சலிலும் ஒரு பலாப்பழம் சுமந்து வந்திருந்தான். அதன் கொட்டைகளில் முளைத்துத் தப்பியது ஒன்றே ஒன்று. தேவாரம் ஊரில் சொந்தமாக ஒரு மனை பார்த்து, வாசலில் அந்தக் கன்றை நட வேண்டும். மாயக்காளுக்கு வேறு ஆசை கிடையாது. அதுவரை தம்பி கருத்தக்கண்ணனின் வாய்க்கால்கரைத் தோட்டத்தில் ஒண்டியிருந்தாள்.

பலாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆணிவேர் அறுந்தால் உயிரை விட்டுவிடும். அதனால் மூங்கில் கூடையில் செம்மண்ணும் மக்கிய சாணமும் போட்டு வளர்த்தாள். கூடை ஒரே இடத்தில் கிடந்தால் வேர் நிலத்துக்குள் இறங்கிவிடுமே! அஞ்சு நாளைக்கு ஒருதரம் தூக்கி, எட்டிப் பார்க்கும் சல்லிவேர் நுனியைக் கிள்ளி, வேறு கல்லின்மேல் வைப்பாள். மூங்கில் இற்றபோது, அதோடு சேர்த்து இன்னொரு கூடைக்குள் இறக்கினாள். பிள்ளை இல்லாதவள், கன்றோடு பேசவும் செய்வாள்.

முப்பத்தி நாலாம் வருஷம் புரட்டாசியில் ஏலக்காய் பறிக்க மலைக்குப் போக வேண்டி வந்தது. அந்தக் கூலி வந்தால் மனை முடிந்துவிடும்.

"ஏலே கருத்தா, அஞ்சு நாளைக்கு ஒருக்கா கூடைய மாத்தி வச்சிரு. மறந்துராதடா."

"எம்மச்சான் கொண்டாந்த கன்னுக்கா. நீ நிம்மதியாப் போயிட்டு வா."

கன்றின் தலையில் கைவைத்துச் சத்தியமும் செய்தான், பாவி.

நாற்பது நாள் கழித்து இறங்கி, மனையை முடித்து, கன்றை எடுத்துப்போக வண்டியோடு வந்தாள். கன்று இடுப்புயரத்துக்கு, கரும்பச்சையாய்த் தளதளவென்று நின்றது. வண்டியில் வைக்கோல் பரப்பி, இலைகளை வாழைநாரால் சேர்த்துக் கட்டினாள். "எந்தம்பி எப்பிடிப் பாத்திருக்கான், பாத்தீகளா!" என்று வண்டிக்காரர் ஒச்சாண்டியிடம் பெருமை வேறு. குனிந்து கூடையைத் தூக்கினாள். அசையவில்லை.

அடியில் கல்லைக் காணோம். மண்ணைப் பறித்துக் கையை விட்டாள். விரல் தடிமனுக்கு வேர் நேராகக் கீழே போயிருந்தது. மறந்துவிட்டான் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் மூங்கில் தப்பைகளின் முனை விரலில் பட்டது. இற்ற மூங்கில் பொடியாக உதிரும். இதுவோ கத்தியால் வட்டமாக அறுத்தது. இரண்டு கூடைகளிலும் அடியே இல்லை.

"ஏண்டா இப்பிடிச் செஞ்ச?" என்று பக்கத்தில் நின்ற தம்பியைக் கேட்டாள்.

"நம்ம தோட்டத்துல ஒரு பலா இல்லக்கா. இங்கன தண்ணி இருக்கு, அங்கன வெயில்ல பொழைக்குமா? பழுத்தா மொதப் பழம் உனக்குத்தான்."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமேடா! சத்தியம் பண்ணிட்டு அறுத்தியே!"

"தோண்டிப் பாப்பமா ஆத்தா?" என்றார் ஒச்சாண்டி.

"வேணாம். செத்துரும்."

அரிவாளால் கூடைகளைப் பக்கவாட்டில் கிழித்து உரித்தாள். வேர் காயாதபடி சுற்றி மண் அணைத்து, ஒரு குடம் தண்ணீரும் ஊற்றினாள். வெளிக்கூடையை மட்டும் வண்டியில் போட்டுக்கொண்டு தேவாரத்துக்குப் போனாள். கிழிந்த பக்கத்தை நாரால் தைத்து, அங்கே கட்டிய வீட்டின் சுவரில் மாட்டினாள். வாசலில் எதையும் நடவில்லை.

எட்டு வருஷம் கழித்துக் கருத்தக்கண்ணன் தலையில் ஒரு சின்னப் பலாப்பழத்தோடு வந்து நின்றான்.

"மொதப் பழம்க்கா. சொன்ன சொல்லக் காப்பாத்திட்டேன்."

மாயக்காள் கூடையை எடுத்துத் தரையில் வைத்தாள். "இதுல வைடா."

வைத்தான்.

"இப்பத் தூக்கு."

தூக்கினான். கூடை கையோடு வந்தது. பழம் தரையில் கிடந்தது.

"உஞ்சொல்லும் இம்புட்டுத்தான். எடுத்துட்டுப் போ."

அவன் பழத்தைத் தூக்கிக்கொண்டு போனான். வீரணன் கொண்டுவந்த பழத்தின் அதே வாசனை வீட்டுக்குள் நின்றது. கதவைச் சாத்திய பிறகுதான் மாயக்காள் அழுதாள்.