மகளிர் தினத்துக்கு வந்த கவுன்சிலர்

எங்கள் பஸ்ஸில் வீராங்கனைகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறி ராஜபாளையத்தில் இறங்குவதற்குள் ஒரு ராணி குதிரையேறிப் போருக்குப் போய்விடுவாள். ஒருத்தி பனிமலை உச்சியில் கொடி நட்டுவிடுவாள். இன்னொருத்தி விண்வெளியில் மிதந்துவிட்டுத் தரையிறங்கியும் விடுவாள். எல்லாம் டீச்சர் உபயம்.

டீச்சர் ராஜபாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் தலைமையாசிரியை. வரலாறு படித்தவர். நான் அங்கே ஒரு நூல் மில்லில் கணக்கு எழுதுகிறேன். எங்களோடு மூன்றாவதாக என் சேக்காளி ஒருத்தி வந்தாள். ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நாள் முழுக்க நின்று விற்பவள். மூன்று பேரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே தெரு, பஸ்ஸில் ஒரே சீட்டு. ஜன்னலோரம் டீச்சர், நடுவில் நான், ஓரத்தில் அவள். டீச்சர் பேப்பரை விரித்துச் செய்தி சொல்வார். அதிலிருந்து சரித்திரத்துக்குப் போவார். சரித்திரத்திலிருந்து கட்டாயம் ஒரு சாதனைப் பெண்ணிடம் போய் நிற்பார். அந்தப் பெண் செத்து நூறு வருஷம் ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஆயிரம் மைல் தள்ளி இருக்க வேண்டும். பக்கத்துத் தெருப் பெண் எவளும் டீச்சரின் பட்டியலில் ஏறி நான் பார்த்ததில்லை.

பேச்சுக்கு உப்பு போட்டது என் சேக்காளிதான்.

"டீச்சர், அந்த அம்மா மலை ஏறப் போன நாள்ல வீட்டுல யாரு சோறு பொங்குனா? அதப் பேப்பர்ல போட்டிருக்கா?"

"உனக்கு எதுலதான் குதர்க்கம் இல்ல?"

"குதர்க்கம் இல்ல டீச்சர். அது தெரிஞ்சா நானும் ஏறிருவேன்லா."

பஸ்ஸே சிரிக்கும். அவளுக்குப் படிப்பு பிளஸ் டூவோடு சரி. ஆனால் எந்தச் செய்தியைச் சொன்னாலும் அதற்கு ஒரு கேள்வி வைத்திருப்பாள். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ் அது. புதிதாக வந்த கண்டக்டர் ஒருநாள், "ஓசிப் பயணம்தான, உள்ள தள்ளி நின்னா என்ன" என்று முனகினார். அவள் திரும்பி, "ஏண்ணே, பஸ்ஸு உங்க வீட்டுச் சீதனமா? நாங்க தீப்பெட்டி வாங்குனாக்கூட வரி கட்டுறோம். செத்த நேரம் வாய மூடிட்டு விசில ஊதுங்க" என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கண்டக்டர் எங்கள் சீட்டுப் பக்கம் வந்தால் அக்கா, தங்கச்சி என்று மரியாதையாகத்தான் பேசினார்.

அப்படி இருக்கும்போதுதான் நகராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஆகிவிட்டது. அவள் புருஷன் நிலம் வாங்கி விற்கும் புரோக்கர். கவுன்சிலர் ஆக வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கல்யாண வீடு, கருமாதி வீடு ஒன்று விடாமல் போய்க் கும்பிட்டுக்கொண்டிருந்தவர். வார்டு கைநழுவிப் போனதும், தன் வீட்டிலும் ஒரு பெண் இருப்பது திடீரென்று அவருக்கு ஞாபகம் வந்தது.

அவள் பஸ்ஸில் வைத்து எங்களிடம் கேட்டாள். "நிக்கச் சொல்றாவ. நிக்கட்டுமா?"

டீச்சருக்கு ஒரே புல்லரிப்பு. "யோசிக்காத. சரித்திரத்துல இடம் பிடிக்கிற சந்தர்ப்பம். பொம்பளைங்க வெளிய வரணும்" என்றார்.

"ஏட்டி, நிக்கப் போறது நீயா, உன் புருஷனா?" என்று நான் கேட்டேன்.

"நாற்காலியில உக்காந்துட்டா பொறவு யாருக்கா என்னத் தள்ளுவா?" என்று சிரித்தாள்.

போஸ்டர் ஒட்டியபோதே எனக்கு விளங்கிவிட்டது. நடுவில் அவள் புருஷன் ஆளுயரத்துக்கு நின்று கைகூப்பிக்கொண்டிருந்தார். வேட்பாளர் ஒரு மூலையில், ரேஷன் கார்டுப் படம் அளவில். எங்கள் தெருவில் பாதிப் பேர் அவருக்குத்தான் போட்டதாக இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் ஜெயித்தாள். மாலை அவர் கழுத்தில் விழுந்தது. வெடி அவருக்காக வெடித்தது.

கவுன்சிலர் சேலை விற்பது கௌரவக் குறைச்சல் என்று அவர் சொல்லிவிட்டதால் அவள் வேலையை விட்டாள். அவள் உட்கார்ந்த இடத்தில் டீச்சர் தன் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டார். அதன் பிறகு பஸ்ஸில் டீச்சர் சொல்வார், நான் கேட்பேன். எதிர்த்துக் கேட்க ஆளில்லாத சரித்திரத்தைப் போல அலுப்பு வேறில்லை.

தெருவில் எல்லோரும் அவள் புருஷனைத்தான் கவுன்சிலர் என்று கூப்பிட்டார்கள். தண்ணீர் வரவில்லை, குப்பை வண்டி வரவில்லை என்று வருகிறவர்கள் வாசலில் நின்று "கவுன்சிலர் இருக்காரா?" என்பார்கள். அவள் அடுப்படியிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்து, "வெளிய போயிருக்காவ" என்பாள். கவுன்சிலரே வாசலுக்கு வந்து கவுன்சிலர் இல்லை என்று சொல்கிற கூத்தை எங்கள் தெருவில் பார்க்கலாம். கூத்து என்று யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். மாதக் கூட்டத்துக்கு மட்டும் சட்டப்படி அவள்தான் போக வேண்டும். போவாள். ஆனால் அங்கே வாய் திறக்கக் கூடாது, எல்லாம் தானே பேசிக்கொள்வார் என்பது அவர் உத்தரவு. கூட்டம் முடிகிறவரை பைக்கோடு வெளியே நிற்பார்.

டீச்சரிடம் இதைச் சொல்லிப் பொருமினேன். "அதுல என்ன தப்பு? வீட்டுக்காரர் எம்புட்டு ஒத்தாசையா இருக்காரு. எத்தன பேருக்கு அது கெடைக்கும்?" என்றார். சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினார். எங்கோ ஒரு தேசத்தில் ஒரு பெண் முதல் முறையாகப் பிரதமர் ஆகியிருந்தாளாம். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவள் புராணம்தான். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

இந்த வருஷம் எங்கள் தெருக்காரர்கள் மகளிர் தினம் கொண்டாடுவது என்று முடிவு செய்தார்கள். டீச்சர்தான் தலைமை. சிறப்பு விருந்தினராக யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு வந்தபோது நான் முந்திக்கொண்டு, நம் கவுன்சிலர் இருக்கிறாளே என்றேன். டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

அன்று சாயங்காலமே அவள் என் வீட்டுக்கு வந்தாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் பழைய களை.

"எக்கா, எனக்கு ஒரு உபகாரம் செய்யணும். பஸ் ஸ்டாப்புல இருந்து நம்ம தெரு வரைக்கும் லைட்டுக் கம்பம் கெடையாது. கடை வேல, மில்லு வேல முடிஞ்சு வர்ற பிள்ளைய எல்லாம் போன் வெளிச்சத்துலதான் வருதுக. அதுக்கு ஒரு மனு எழுதி, பொம்பளையள்ட்ட கையெழுத்து வாங்கித் தாங்க. மேடையில வச்சு, எல்லார் முன்னாலயும், டீச்சர் அத எங்கிட்டக் குடுக்கணும்."

"அதுக்கு எதுக்கு மேடை? இப்பவே எழுதித் தாரேன்."

"இல்லக்கா. வீட்டுக்கு வர்ற மனு எல்லாம் அவிய கைக்குத்தான் போகுது. பொறவு நான் எப்படிக் கூட்டத்துல பேச? ஊரே பாக்க என் கையில குடுத்தா, எங்கிட்டத்தான் குடுத்தாவன்னு சொல்லி நான் எந்திரிச்சுப் பேசிருவேன். அவியளாலயும் ஒண்ணும் சொல்ல முடியாது." வாசல் வரை போனவள் திரும்பி, "ஒரே ஒரு தடவ பேசிட்டேன்னா பயம் போயிரும்க்கா" என்றாள்.

கண்டக்டரை வாயடைத்தவள் பயம் என்கிறாள். அந்தப் புருஷனைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. மனுவை எழுதினேன். பஸ்ஸில் வருகிற பெண்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். டீச்சரிடம் கொடுத்து, எதற்காக அவள் கையில் கொடுக்க வேண்டும் என்பதையும் விளக்கமாகச் சொன்னேன். "இவ்வளவுதானா? நான் பாத்துக்கிடுதேன்" என்று பைக்குள் வைத்துக்கொண்டார்.

விழா ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில். காரில் இருவரும் வந்து இறங்கினார்கள். டீச்சர் வாசலுக்கே போய், "வாங்க கவுன்சிலர் சார்" என்று வரவேற்றார். புருஷன்காரர் நேரே மேடைக்கு ஏறி நடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மேடையில் இன்னும் நாற்காலி கிடந்தது. ஆனாலும் அவளைக் கீழே முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பெண்களைப் போற்றும் விழாவில் பொன்னாடையை ஓர் ஆம்பளைக்குப் போர்த்தினார்கள். ஒருத்திகூட முகம் சுளிக்கவில்லை.

அவர் மைக்கைப் பிடித்தார். பெண்கள் நாட்டின் கண்கள் என்றார். தாய்க்குலம் என்றார். "ஆணுக்குப் பெண் சளைச்சவ இல்ல. அதனாலதான் என் வீட்டுக்காரிய நான் கவுன்சிலர் ஆக்குனேன்" என்றார். கைதட்டல் காதைப் பிளந்தது. தட்டியவர்களில் பாதிப் பேர் தினமும் எங்கள் பஸ்ஸில் வந்து ராணி கதை கேட்கிறவர்கள். இத்தனை கதை கேட்டும் புத்தியில் ஒன்றும் ஒட்டவில்லை, தாமரை இலையில் விழுந்த தண்ணீர் மாதிரி.

அவர் பேச்சு முடிகிறபாடாக இல்லை. நான் மேடை ஓரமாகப் போய் டீச்சரிடம், "சிறப்பு விருந்தினர் கீழ உக்காந்திருக்கா" என்றேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணுதான? அவரு பேசினாத்தான் காரியம் நடக்கும். இப்பப் போய்ப் பிரச்சின பண்ணாதீங்க" என்றார் டீச்சர், சிரித்த முகம் மாறாமல்.

திரும்பி வந்து அவளிடம், "ஏட்டி, இவுக கூப்பிட மாட்டாக. அவரு முடிச்சதும் நீயாப் போ" என்றேன். அவர் நன்றி வணக்கம் சொல்லி நாற்காலிக்குத் திரும்பியதும் எழுந்து போனாள். மைக் அவர் உயரத்துக்கு இருந்தது. அதைத் தாழ்த்தத் தெரியாமல் அண்ணாந்து நின்றுதான் பேசினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நாந்தான் கவுன்சிலர். நெறயப் பேருக்குத் தெரியாது. எனக்கே செல நேரம் மறந்து போகுது."

சபை சிரித்தது. அவள் புருஷனும் சேர்ந்து சிரித்தார். அந்தப் பேச்சு யார் மேல் விழுந்தது என்பது அந்த மனுஷனுக்குக் கடைசிவரை உறைக்கவில்லை.

முதலில் குரல் நடுங்கியது. இருட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. ராத்திரி பஸ்ஸில் இறங்குகிற பிள்ளைகள் ஒன்றுக்கொன்று காத்திருந்து சேர்ந்து வருவதைச் சொன்னாள். தானும் அப்படி நடந்தவள்தான் என்று சொன்னாள். "அடுத்த மாசக் கூட்டத்துல இத நான் பேசப் போறேன். கம்பம் வர்ற வரைக்கும் ஒவ்வொரு கூட்டத்துலயும் பேசுவேன். அதுக்குத்தான் நீங்க எனக்கு ஓட்டுப் போட்டிய" என்றாள். பின்னால் நின்ற மில் பிள்ளைகள் தட்டினார்கள். அந்தக் கைதட்டல் வேறு மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அவள் மைக்கை விட்டு விலகி டீச்சர் பக்கம் திரும்பினாள். "மனுவ எங்கிட்டக் குடுங்க டீச்சர்" என்று கையை நீட்டினாள்.

டீச்சர் பையிலிருந்து மனுவை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவளுக்கு எதிரே வந்தார். அங்கே நின்று, நடு நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். அவள் புருஷன் தலையைக் குனிந்து போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து ஒரு தலையசைப்புத் தருவாரா என்று டீச்சர் மனுவை நெஞ்சோடு பிடித்தபடி காத்திருந்தார். சபை முழுவதும் டீச்சரோடு சேர்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் சேக்காளி கையை மடக்காமல் அப்படியே நின்றாள்.