ஓரிடத்தில் நிற்காத நட்சத்திரம்

எனக்குப் பொறுமை கிடையாது. வானத்தைப் படம் பிடிப்பது பொறுமைசாலிகளின் வேலை என்று தெரிந்தும் அதில் போய் விழுந்தேன். ஹாலிஎலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்த காலம் அது. கணவர் அதே தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் உதவி டீமேக்கர். தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். பதுளை ஆஸ்பத்திரியிலிருந்த யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் தன் தொலைநோக்கியை எங்கள் முற்றத்தில் விட்டிருந்தார். அவருக்கு இடமாற்றம் வந்துவிட்டது; அடுத்த வாரம் சனிக்கிழமை தொலைநோக்கியும் போய்விடும். அதற்குள் ஒரியன் நெபுலா என்ற ஒளிமுகிலை ஒரே ஒரு தடவை சுத்தமாகப் படம் எடுத்துவிட வேண்டும் என்று துடித்தேன்.

வானம் நகர்வதற்கேற்ப மோட்டார் தொலைநோக்கியைத் திருப்பும். மோட்டார் பிசகினால், ஒரு நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் குட்டி வெப்கேம் கணினிக்குச் சொல்லும், கணினி திருத்தும். ஏட்டில் அப்படித்தான். எங்கள் முற்றத்தில் அந்த நட்சத்திரம் கணினித் திரையில் தவளையாய்க் குதித்தது. படத்திலோ எல்லாம் இழுபட்ட கோடுகள்.

தொலைநோக்கி சுழலும் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கி இருக்க வேண்டும்; அதை மலை மறைத்திருந்ததால் அச்சு பிழையோ என்று டாக்டர் வேறு வழியில் சரிபார்த்துக் கொடுத்தார். கேபிளை மாற்றினேன், தொலைநோக்கியைச் சமன்செய்யும் எடையைக் கூட்டிக் குறைத்தேன், கணினியைத் திட்டினேன். சோறு வெந்ததா என்றுகூடப் பார்க்காமல் முற்றத்துக்கும் வீட்டுக்குமாய் அலைந்தேன்.

ஒரு மாலை டாக்டர் வந்து, நிலத்தில் உட்கார்ந்தவர் உடனே எழுந்துவிட்டார்.

"உதென்ன டீச்சர், நிலம் நடுங்குது? உங்களுக்குத் தெரியேல்லையோ?"

எனக்குத் தெரியவில்லை. வீட்டை ஒட்டியிருந்த ஸ்டோரில் தேயிலைக் கொழுந்து வாட்டும் பெரிய காற்றாடிகள் பின்னேரமானால் ஓடத் தொடங்கும். ஸ்டோர் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். அது காதிலும் விழாது, காலிலும் படாது. அந்த நடுக்கத்தைத்தான் கணினி நகர்வென்று நம்பி, மோட்டாரை அங்குமிங்கும் விரட்டியிருக்கிறது.

தொலைநோக்கியை வேறெங்கும் கொண்டுபோக வழியில்லை. மின்சாரமும் தட்டையான நிலமும் எங்கள் முற்றத்தில்தான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை கொழுந்து வராது, காற்றாடி ஓடாது என்று கணவர் சொன்னார். கையிலிருந்த ஒரே ஞாயிறும் முகிலோடு போனது. பிறகு கொழுந்தே வரக்கூடாது என்று வேண்டத் தொடங்கினேன். வெயில் கொளுத்திச் செடியெல்லாம் காய்ந்துகொண்டிருந்தது. கொழுந்து பறிக்கும் லயத்துப் பெண்கள் பறிக்கக் கொழுந்தில்லாமல் பாதி நாள் வேலையோடு திரும்பினார்கள். நானோ தெளிந்த வானத்தைப் பார்த்து மகிழ்ந்தேன்.

வெள்ளிக்கிழமை இருட்டும் நேரம் காற்றாடிகள் ஓடவில்லை. திரையைப் பார்த்தால், நட்சத்திரம் ஆணி அடித்ததுபோல் நின்றது. கேமராவின் பொத்தானை அழுத்தினேன். ஐந்து நிமிடம் யாரும் அசையக்கூடாது. பக்கத்தில் ஒருவர் நடந்தாலே படம் கெட்டுவிடும்.

அப்போது பார்த்துக் கணவர் கேட்டடியில் வந்து நின்றார். அந்த நேரத்தில் அவர் வீட்டுக்கு வந்ததே கிடையாது. கையை உயர்த்தி நிற்கச் சொன்னேன். கேட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஷட்டர் மூடியது. ஒவ்வொரு நட்சத்திரமும் குண்டூசித் தலைபோல் வட்டமாக விழுந்திருந்தது. சந்தோஷத்தில் அவரைக் கூப்பிட்டேன்.

"முடிஞ்சிருச்சா? நடக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். படத்தைக் குனிந்து பார்த்து, நல்லா இருக்கு என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"ஸ்டோர மூடுறாங்க. இனிமே கொழுந்தெல்லாம் பசறைப் பக்கத்து ஸ்டோருக்கு லொறியில போகுமாம். நாளையிலருந்து வர வேணாம்னு தோட்டத்துத் தொர சொல்லிட்டாரு."