மூட்டைப்பூச்சி என்று தீர்ப்பான பூச்சி

பூச்சிக் கட்டுப்பாட்டுக் கம்பெனியில் என் வேலை மருந்து அடிப்பதல்ல. வந்திருப்பது என்ன பூச்சி என்று சொல்வது. ஓசூர் ஆபீஸில் நானும் ஒரு மைக்ராஸ்கோப்பும்தான் அந்த டிபார்ட்மென்ட்.

1. கடி

போச்சம்பள்ளியில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி. செகண்ட் ஷிப்டில் அசெம்பிளி லைன் பெண்களைப் பூச்சி கடிக்கிறது என்று கூப்பிட்டார்கள். நான் போவதற்குள் ஹெச்.ஆர். மேனேஜர் முரளி முடிவுக்கு வந்திருந்தார். மூட்டைப்பூச்சியாம், ஹாஸ்டல் பெண்கள் ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்ததாம். சனிக்கிழமை ஹாஸ்டலைக் காலி செய்து எல்லோரையும் ஊருக்கு அனுப்பப் போவதாகவும், நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொன்னார்.

லைனில் லதா என்ற சிவகங்கைப் பெண் கையைக் காட்டினாள். சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது.

“ரூம்ல ஒண்ணும் கடிக்கல மேடம். இங்க லைட்டுக்குக் கீழ உக்காந்தாத்தான் கடிக்குது. இப்ப ஊருக்குப் போனா திரும்பக் கூப்பிட மாட்டாக.”

விழுந்த பூச்சிகளை அவள் செலோடேப்பில் ஒட்டி வைத்திருந்தாள். அதை வாங்கிக்கொண்டேன்.

2. பேரினம்

சாம்பல் நிறம், அரிசிக் குருணை அளவு. துருத்திய கண், கண்ணாடி போன்ற இறக்கை. மூட்டைப்பூச்சிக்குப் பறக்க இறக்கையே கிடையாது. இது நைசியஸ் என்ற பேரினம், செடிகளின் விதையில் சாறு உறிஞ்சுவது. ஃபேக்டரிக்குப் பின்னால் பார்த்தீனியம் காடாக மண்டிக் காய்ந்து கிடந்தது. அதற்கு நேராகப் புது வெள்ளை ஃப்ளட்லைட். வெளிச்சத்துக்குப் பறந்து வரும் பூச்சி, ஈரம் தேடித் தோலையும் குத்திப் பார்க்கும்.

3. மீட்டிங்

முரளி பூச்சியின் முழுப்பெயர் கேட்டார். சிற்றினம் வரை சொல்ல வேண்டுமென்றால் ஆண் பூச்சியை அறுத்துப் பிறப்புறுப்பைப் பார்க்க வேண்டும் என்றேன். மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டார்.

“லேடீஸ் ஹாஸ்டல் விஷயம் மேடம், இதெல்லாம் எழுத முடியாதுங்க,” என்றார் முரளி. “வேற உறுப்பு ஏதாவது பாத்துச் சொல்லுங்களேன்.”

சொல்லிக்கொண்டே கழுத்தில் பட்டென்று அடித்துக்கொண்டார். விரலில் ஒட்டியிருந்ததை லென்ஸில் பார்த்தேன். நைசியஸ்தான்.

“நீங்க எந்த ஹாஸ்டல்ல தங்கியிருக்கீங்க சார்?” என்று கேட்டேன்.

யாரும் சிரிக்கத் துணியவில்லை. பார்க்கலாம் என்று அவர் மீட்டிங்கை முடித்துவிட்டார். எனக்கு நம்பிக்கையில்லை. ஆபீஸுக்குத் திரும்பி ரிப்போர்ட் அனுப்பினேன். சிற்றினம் தெரியாதபோது பேரினப் பெயரோடு ஆங்கிலத்தில் எஸ்.பி. என்று இரண்டெழுத்து சேர்ப்பது எங்கள் துறை வழக்கம். அப்படியே போட்டேன்.

மறுநாள் காலையிலேயே முரளி போன் செய்தார். குரல் மிகவும் பணிவாக இருந்தது.

“மேடம், செடியெல்லாம் வெட்டியாச்சு. லைட்டையும் திருப்பியாச்சு. பொண்ணுங்க யாரையும் அனுப்பலீங்க. இந்தச் சின்ன விஷயத்துக்கு எஸ்.பி. வரைக்கும் போகணுமா?”

துறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம், ரிப்போர்ட்டில் இந்த மாதிரிச் சுருக்கங்களைத் தவிர்க்கச் சொல்கிறேன். ஹாஸ்டல் சம்பந்தப்பட்டதாக இருந்தால் மட்டும், எஸ்.பி. என்று பெரிய எழுத்தில் போடச் சொல்கிறேன்.