வேதனை இல்லாத வீடு

மலையாள எல்லைக்குள் இருக்கும் வடகரப்பதியில் நஞ்சப்பன் மாடு கறப்பார், தென்னைக்குத் தண்ணீர் கட்டுவார், அடுத்தவர் சொல்லவேண்டிய பதிலைத் தாமே சொல்லிவிடுவார். இதில் மூன்றாவதில்தான் கை தேர்ந்தவர்.

ஆடியில் மனைவி மருதாத்தாளுக்குத் தொப்புளைச் சுற்றி வலி கண்டது.

"சூடு புடிச்சிருக்கும். கால் கட்டவெரல்ல வெளக்கெண்ண வையி" என்றார்.

மறுநாள் வலி வலது அடிவயிற்றுக்கு வந்து அவளை நிமிர விடவில்லை.

"பாத்தியா, சூடு எறங்குது" என்றார்.

மகன் சிவப்பிரகாஷ் சத்தம் போட்ட பிறகே பக்கத்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். புதிதாக வந்திருந்த பெண் டாக்டருக்குத் தமிழ் தெரியாது.

"வேதன உண்டோ, அம்மே?"

மலையாளத்தில் அது உடம்பு வலி. பொள்ளாச்சிப் பக்கம் பிறந்த மருதாத்தாளுக்கோ அது மனக்குறை. புருசன் பக்கத்தில் நிற்க, அப்படியொரு குறை உண்டென்று எந்தப் பெண் சொல்வாள்?

"எங்கூட்ல ஒரு வேதனையும் இல்லீங்க. அவரு நல்லாத்தான் வெச்சிருக்காரு."

டாக்டர் வயிற்றை அமுக்கியபோதும் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நஞ்சப்பனுக்கு இரண்டு பாஷையும் தெரியும். திருத்தியிருக்கலாம். ஆனால் இத்தனை வருசத்தில் இப்படியொரு நற்சான்று அவருக்குக் கிடைத்ததில்லை. தன்னைப் புகழும்போது குறுக்கே பேசுகிற மனிதர் அபூர்வம். அவர் அதை ரசித்து முடிப்பதற்குள் டாக்டர் வாயு மாத்திரை எழுதிவிட்டார்.

சாயங்காலம் வலி சட்டென்று நின்றது. "மாத்திரையா கேட்டுது? நாஞ்சொன்ன எண்ணெதான் கேட்டுது" என்றார்.

விடிந்தபோது அவள் உடம்பு கொதித்தது. வயிறு பலகையாக இறுகியிருந்தது. சிவப்பிரகாஷ் காரில் ஏற்றிக் கோயமுத்தூருக்கு விரட்டினான்.

"குடல்வால் வெடிச்சிருச்சு. வலி நின்னதே அதனாலதான்" என்றார் அங்கிருந்த சர்ஜன். "சீழ் பரவியிருக்கு. ஆபரேசன் முடியாம எதுவும் சொல்ல முடியாது."

சொந்தக்காரர்கள் போனில் கேட்டபோதெல்லாம், "தெரியலீங்க" என்றார் நஞ்சப்பன். அப்பா வாயில் அந்தச் சொல்லைச் சிவப்பிரகாஷ் அன்றுதான் கேட்டான்.

மருதாத்தாள் பிழைத்தாள். பேசத் தெம்பு வந்த அன்று, சர்ஜன் வருகிறார் என்று நர்ஸ் சொன்னதும் புருசனைப் பார்த்தாள்.

"ஏனுங்க, செத்த வெளிய நில்லுங்க."

"நா எதுக்குப் போகோணும்?"

"நா வாயத் தொறக்கறதுக்குள்ள நீங்க பேசிப்போடுவீங்க."

நஞ்சப்பன் வெளியே போனார். கதவை மட்டும் முழுசாகச் சாத்தவில்லை.